சிவப்பின் மேல் ஊற்றிய பச்சை

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஏழு மாதம் கழிந்த பிறகுதான் நான் முதன்முதலாக எங்கள் காரின் போனட்டைத் திறந்தேன். அதுவரை அது அவருடைய இடம். பல வருடம் ஆலங்குடாவில் மீன் வாங்கி லொறியில் கொழும்புக்கு ஏற்றியவர் அவர். லொறியை விற்று இந்தக் காரை வாங்கிய பிறகும் ஞாயிறு காலையில் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நிற்பார். அங்கே என்ன செய்கிறார் என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. எனக்கு லைசன்ஸ் இருந்தது. நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு ஓட்டிப்போய்த் திரும்புவேன், அவ்வளவுதான்.

நோய் அவருடைய வலது கையையும் காலையும் எடுத்தது. பேச்சையும் எடுத்தது. "ஓம்", "இல்ல" இரண்டும் மிஞ்சின. அதற்கு மேல் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் ஒரே சொல்தான் வந்து விழுந்தது: "நாளைக்கி." தேத்தண்ணீர் வேண்டும் என்றாலும் நாளைக்கி. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறது என்றாலும் நாளைக்கி. அவர் மனதில் நினைப்பது சரியாகத்தான் இருக்கும், வாய்க்கு வரும்போது சொல் மாறிவிடுகிறது என்று சிலாபத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எனக்கு விளக்கினாள். விளங்கியது என்று தலையாட்டினேன். கேட்டுக்கொண்டேனே தவிர, வீட்டில் அதை நினைவில் வைக்கவில்லை.

ஐந்து நாள் பாடசாலை. சனிக்கிழமை அவரைக் காரில் ஏற்றிச் சிலாபத்துக்குப் போக இரண்டு மணித்தியாலம், திரும்பி வர இரண்டு மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் கழுவுவது, பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பிகள் திருத்துவது. ஒரே மகள் கலியாணம் முடித்துக் கொழும்பில் இருக்கிறாள். தினமும் போன் எடுப்பாள். அவளிடம் நான் களைப்பைப் பற்றிச் சொல்வதில்லை. சொன்னால் அவள் அழுவாள், பிறகு அவளையும் நான்தான் தேற்றவேண்டும்.

ஒரு சனிக்கிழமை, சிலாபத்திலிருந்து திரும்பும்போது முந்தலில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். பெற்றோல் அடித்தவர் என்ன நினைத்தாரோ, "டீச்சர், தண்ணி எண்ணெயெல்லாம் பாத்தீங்களா? தூரம் போற வண்டியே" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போனட்டைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் போத்தலில், என்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் அடிக்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. உள்ளே என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை. குறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. எதிரே இருந்த கடைக்குப் போய்க் கூலன்ட் கேட்டேன். பச்சை நிறத்தில் ஒரு கான் எடுத்து வைத்தார்கள். விலையும் குறைவு. நல்லது என்று வாங்கி வந்தேன்.

மூடியைத் திறந்து ஊற்றத் தொடங்கியதும் முன் சீட்டிலிருந்து அவர் சத்தம் போட்டார். "நாளைக்கி! நாளைக்கி!" இடது கையால் டாஷ்போர்டில் அடித்தார். பெற்றோல் செட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளைக்கி ஏலா," என்றேன். "இண்டைக்கே ஊத்தோணும். இல்லாட்டி வீடு போய்ச் சேர மாட்டம்."

"இல்ல! இல்ல! நாளைக்கி!"

"கொஞ்சம் சும்மா இரிங்க. எல்லாரும் பாக்குறாங்க."

அவர் அடிப்பதை நிறுத்தவில்லை. நான் கோடு வரைக்கும் ஊற்றி, மூடியைத் திருகி, போனட்டைப் போட்டேன். பாலாவிச் சந்தி வரை அவர் முனகிக்கொண்டு வந்தார். உப்பளங்களைத் தாண்டியதும் ஓய்ந்தார். நான் ரேடியோவைப் போட்டேன்.

இரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது மறுபடி குறைந்திருந்தது. மறுபடி ஊற்றினேன். கார் தண்ணீர் குடிக்கிறது, வயதான கார், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்போதும் அவர் சத்தம் போட்டார், ஆனால் முன்பு போல் இல்லை. மூன்றாம் முறை நான் கானை எடுத்தபோது அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பழகிவிட்டார் என்று எண்ணி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்படி இரண்டரை மாதம் ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை பகல், சிலாபத்திலிருந்து வரும் வழியில், முந்தலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் மேலே ஏறியது. அன்று காலையிலேயே அது வழக்கத்தைவிட உயரத்தில் நின்றதைக் கண்டிருந்தேன். வெயில் என்று நினைத்தேன். இப்போது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. போனட்டின் விளிம்பிலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு தென்னந்தோட்டத்து வேலியோரம் நிறுத்தினேன்.

தண்ணீர் ஊற்றவேண்டும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. குடிக்கக் கொண்டுவந்த போத்தலை எடுத்துக்கொண்டு, அவருடைய துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கப் போனேன். அவர் என் அபாயாவின் கையைப் பிடித்தார். இடது கையால், முழுப் பலத்தோடு. நான் இழுத்தேன். அவர் விடவில்லை. "இல்ல. இல்ல. இல்ல." கண் பிதுங்க என்னையே பார்த்தார். துணி கிழியும் சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் நின்றேன். கோபத்தில் போத்தலைச் சீட்டில் எறிந்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். இனி எழும்ப முடியாது என்று தோன்றியது. முந்தின கிழமைகள் எல்லாம் சேர்ந்து மடியில் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது.

அந்த வழியால் வந்த ஒரு த்ரீவீல்காரர் நிறுத்தி விசாரித்தார். முந்தலில் தெரிந்த பாஸ் ஒருவர் இருக்கிறார், கராஜ் வைத்திருக்கிறார், கூட்டி வருகிறேன் என்று போனார். முக்கால் மணித்தியாலத்தில் அந்த மெக்கானிக்கோடு திரும்பி வந்தார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் ஜெபமாலை, எண்ணெய் பிடித்த காற்சட்டை. முதலில் என் கணவரைப் பார்த்து, "எப்படி நானா?" என்றார், நெடுநாள் பழகிய அண்ணனிடம் கேட்பது போல. பிறகு என்னிடம் கேட்டார்.

"மூடியத் தொறந்தீங்களா டீச்சர்?"

"இல்ல. இவரு விடல்ல."

"நல்ல வேளை. தொறந்திருந்தா மொகமெல்லாம் வெந்திருக்கும்."

ஆறும்வரை காத்திருந்து அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விரலை விட்டு எடுத்து எனக்குக் காட்டினார். விரலில் ஒட்டியிருந்தது தண்ணீர் அல்ல. கபில நிறத்தில், களி போலக் கட்டியாக ஒன்று.

"இதுக்குள்ள என்ன ஊத்தினீங்க?"

"கூலன்ட்தான்."

"என்ன கலர்?"

"பச்சை."

"முந்தி என்ன கலர் இருந்திச்சி?"

எனக்குத் தெரியவில்லை. எப்போதாவது பார்த்திருந்தால்தானே. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முன் சீட்டுப் பக்கம் போய்க் குனிந்தார். "நானா, நீங்க போட்டது என்ன கலர்?"

"நாளைக்கி," என்றார் அவர். அவர் முகம் சுருங்கியது. பிறகு இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மெக்கானிக்கின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தார். சிவப்புத் துண்டு.

"சிவப்பா நானா?"

"ஓம்!" அவ்வளவு சத்தமாக அவர் ஓம் சொல்லி நான் கேட்டதில்லை.

"டீச்சர் பச்சை ஊத்தினத நீங்க கண்டீங்களா?"

"ஓம்."

"வேணாண்டு சொன்னீங்களா?"

அவர் துண்டை விட்டார். என்னைப் பார்த்தார். "ஓம்," என்றார், இந்த முறை மெதுவாக.

நான் வேலியோரம் போய் நின்றேன். மெக்கானிக் நல்ல மனிதர், என் பக்கம் திரும்பாமல் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

காரைக் கயிறு கட்டிக் கராஜுக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக் இரண்டு தரம் தண்ணீர் விட்டுக் கழுவியும் கபிலமாகவே வந்தது. ரேடியேட்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்யவேண்டும் என்றார். முதலில் குறைந்ததற்குக் காரணம் வாட்டர் பம்பில் ஒரு சின்னக் கசிவு. அதை அப்போதே பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

"சிவப்பும் பச்சையும் வேற வேற மருந்து டீச்சர். ஒண்டுக்கொண்டு சேராட்டி இப்படிக் கட்டியாப் போயிரும். கலரப் பாத்து மட்டும் வாங்கவும் ஏலா, ஒவ்வொரு கம்பெனிக்காரன் ஒவ்வொரு கலர் போடுவான். வண்டிப் புத்தகத்துல என்ன சொல்லியிருக்கோ அதத்தான் வாங்கோணும். அவசரமெண்டா வெறும் தண்ணியக் கொஞ்சம் ஊத்திட்டு வாங்க, பொறகு பாத்துக்கலாம்."

மெக்கானிக்கின் மனைவி கதிரை கொண்டுவந்து போட்டார், எங்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் தந்தார். என் கணவர் கதிரையில் இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த ஹோஸ் நீங்க மாத்தினதா? ஓம். தெர்மோஸ்டாட்டும்? இல்ல. அப்ப மாத்துவமா? ஓம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இரண்டு ஆண்கள் அப்படிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கி" எங்கோ இரண்டு தரம்தான் வந்தது. நான் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அவரிடம் ஓம், இல்ல என்று பதில் வரக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

காரை அங்கேயே விட்டுவிட்டு ஒரு வான் பிடித்து வீட்டுக்கு வந்தோம். இரவுச் சாப்பாட்டை ஊட்டப் போனேன், அவர் வாயைத் திறக்கவில்லை. தானே கரண்டியை எடுத்து, பாதியைச் சட்டையில் சிந்திச் சாப்பிட்டார். மறுநாளும் அப்படித்தான். அந்தக் கோபம் எனக்குப் பழக்கமான கோபம். நோய்க்கு முன்னர் லொறியில் யாராவது ஏதாவது பிழையாகச் செய்தால் இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டார். எனக்கு அது வலித்தது. ஆனாலும் அந்தப் பழைய ஆள் உள்ளே அப்படியே இருக்கிறார் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் கட்டிலில் போய் இருந்தேன்.

"நீங்க அண்டைக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கல்ல. பச்சைய மட்டுமில்ல, நீங்க சொன்ன எல்லாத்தையும்தான். எனக்கு ஏலாமப் போச்சு. களைப்பு."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால், கட்டிலோரம் தொங்கிய என் அபாயாவின் கிழிந்த கையைத் தொட்டு, கேள்வி கேட்பது போலத் தலையை அசைத்தார்.

"அது தைக்கலாம்," என்றேன்.

"ஓம்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்குப் போகவில்லை. வான் பிடித்து முந்தலுக்குப் போய்க் காரை எடுத்தோம். என்ஜின் தப்பிவிட்டது. மெக்கானிக் கானைக் கையில் எடுத்து, ஊற்றுவதற்கு முன் என் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கி எழுத்தைப் படித்து, தலையாட்டினார். பிறகுதான் மெக்கானிக் ஊற்றினார்.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். களைத்துப்போய் வரும் நாளில் அவர் எதையோ சொல்லத் தொடங்கினால், "பொறகு, பொறகு" என்று இன்னும் சொல்கிறேன். போன மாதம் அப்படிச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவள், பாதி வழியில் திரும்பி வந்து, பசியா, வலியா, யன்னலைப் பூட்டவா என்று ஒன்றொன்றாகக் கேட்டேன். யன்னல்தான். கடற்காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அவர் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது.

இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று சிலாபத்தில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது, மூன்று சனிக்கிழமை தூங்கலாம் என்று. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அதன் மற்ற அர்த்தம் விளங்கியது. இதற்கு மேல் பெரிதாகத் தேறாது என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். காருக்கு வந்து, அவருடைய காலைத் தூக்கி உள்ளே வைத்து, பெல்ட்டை மாட்டினேன். வெளிக்கிடுமுன், "நேரா வீட்டுக்குப் போவமா? கடல் பக்கம் கொஞ்சம் நிப்பாட்டவா?" என்று கேட்டேன். இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டுவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. அவர் விளங்கிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். "கடல் பக்கம் நிப்பாட்டவா?" என்று ஒன்றை மட்டும் மறுபடி கேட்டேன்.