"எங்க பஸ்ல யாரு மிஸ் தனியா குந்துவாங்க?"

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்புக்கு நான் கெமிஸ்ட்ரி டீச்சர். அன்று காலை மரக்காணம் பக்கத்துக் கடலோரத்திலிருந்து மீன் விற்கும் ஓர் அம்மா வந்திருந்தார். முதல் தேர்வில் அவர் மகள் கெமிஸ்ட்ரியில் தேறவில்லை.

"இவளுக்கு இது ஆவாது டீச்சர். காமர்ஸ் குரூப்ல மாத்தி உட்ருங்க."

மகளுக்கோ நர்ஸ் ஆக ஆசை. சயின்ஸ் குரூப்பை விட்டால் அந்தக் கனவு அவ்வளவுதான். சாயந்தரம் பேசலாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். எனக்கும் அவள்மீது பெரிய நம்பிக்கை இல்லை. வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டாள்.

அன்றைய பாடம், அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இடம் பிடிக்கும் விதம். ஒரே ஆற்றல் உள்ள இடங்கள் காலியாக இருந்தால் முதலில் ஒவ்வொன்றிலும் ஓர் எலக்ட்ரான்தான் போகும். பிறகுதான் ஜோடி சேரும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டவுன் பஸ். காலி பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு சீட்டில்தானே உட்காருவோம் என்றேன். வகுப்பே தலையாட்டியது. அவள் மட்டும் சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எழுப்பிக் கேட்டேன்.

"எங்க பஸ்ல யாரு மிஸ் தனியா குந்துவாங்க? தெரிஞ்சவங்க பக்கத்துல ஒட்டிக்கினு, கத பேசிக்கினுதான் வருவோம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் விடவில்லை. "அப்ப எப்பதான் தனியா உட்காருவீங்க?"

யோசித்தாள். "கரையில ஏலத்துல மீனுக்கு ரெண்டு பேரு சண்ட போட்டுக்கினா மிஸ். அந்த ரெண்டு பேரும் ஒரே சீட்ல குந்த மாட்டாங்க. வேற எடமே இல்லன்னாதான் குந்துவாங்க. அப்பவும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சத் திருப்பிக்கினுதான் வருவாங்க." போர்டைப் பார்த்தாள். "அப்ப எலக்ட்ரானுக்கும் ஒன்னுக்கொன்னு ஆவாதா மிஸ்?"

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதுதான் இதற்குக் காரணம் என்பதும், ஜோடி சேர்ந்தால் எதிரெதிர்ச் சுழற்சியில் இருக்கும் என்பதும் நான் இன்னும் நடத்தாத பாடம். அவளாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது எனக்கு. போர்டைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

சாயந்தரம் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பஸ்ல மூஞ்சத் திருப்பிக்கினு வர்றதெல்லாமா படிப்பு?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நான் இதுலயே இருக்குறேம்மா."

"சரி, இரு."

இப்போது அவள் பிளஸ் டூ. நூற்றுக்கு நூறெல்லாம் வாங்கவில்லை. ஆனால் தேறிவிடுகிறாள், கேள்வி கேட்டே என்னை ஒரு வழி பண்ணுகிறாள். ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று முடிவு கட்டும் முன், அந்தப் பிள்ளை பேச நான் இடம் கொடுத்தேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.