அப்பள டின்னில் எட்டுப் புள்ளிகள்

காலை 6.40. நெல்லை சந்திப்பில் இறங்கினேன். பெங்களூரில் ஏறும்போது இருந்த தைரியம் கோவில்பட்டி தாண்டுவதற்குள் கரைந்திருந்தது. பாளையங்கோட்டை ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பத்து ரூபாய்.

"பைய ஏறுங்க அண்ணாச்சி, வண்டி நிக்கும்" என்றார் நடத்துநர். பெங்களூரில் இப்படி யாரும் சொல்வதில்லை.

வண்ணார்பேட்டை நெரிசலுக்கு முன்பே ஆற்றுப் பாலம். ஆய்வு மாணவர்களாக இருந்தபோது நானும் என் நண்பன் சுடலைமுத்துவும் இதில் நடந்தே போவோம். பஸ் காசை மிச்சம் பிடித்தால் ஆய்வுக்குத் துத்தநாக உப்பு வாங்கலாம் என்பான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் ஏங்குகிறது.

7.30. அவன் இன்று நாங்கள் படித்த கல்லூரியிலேயே ஆசிரியர். ஆய்வறையில் எங்கள் பழைய கருவி அப்படியே இருந்தது. கணினி விசிறியில் ஒட்டிய கண்ணாடித் துண்டு சுழலும். அதன் மேல் அந்த உப்பின் கரைசலை ஒரு சொட்டு விட்டால் மெல்லிய படலமாகப் பரவும். சூடாக்கி உலர்த்தி, ஒரு புள்ளியில் மின்துடிப்பு கொடுத்தால் அங்கே மின்தடை குறையும்; அதைத்தான் எழுதுவது என்போம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது மாறாதிருந்தால் அதுதான் நினைவகம். பதினோரு வருடம் முன்பு எட்டுப் புள்ளிகளில் எழுதியதாக நோட்டில் குறித்து, ஈரம் படாமல் கல்லிடைக்குறிச்சி அப்பள டின்னில் மூடி வைத்தோம். இந்த அறை ஆய்வுக்குத் தொடரலாமா என்று பார்க்க இன்று மதியம் நிபுணர் குழு வருகிறது. எட்டும் தாங்கியிருந்தால் அறை சுடலைக்கு. இல்லாவிட்டால் சாமான் போட.

டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக அளந்தோம். ஏழு சரியாக இருந்தன. எட்டாவதில் தடை குறைந்திருக்கவே இல்லை.

"எட்டாவது போயிட்டுலே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "போகலடா. அன்னைக்கு பெங்களூர் ரயிலுக்கு நேரமாயிட்டுன்னு நான் எட்டாவதை எழுதவே இல்ல. நோட்டுல மட்டும் எழுதியாச்சுன்னு குறிச்சிட்டு ஓடிட்டேன்."

அவன் பழைய நோட்டை எடுத்து என் முன் வைத்தான். "அப்படின்னா படலம் பொய் சொல்லலை. அதை நோட்டுலயே எழுது. இன்னைக்குத் தேதி போடு, கையெழுத்தும் போடு. பொறவு புள்ளியையும் எழுதிட்டுப் போ."

எழுதினேன். துடிப்பு கொடுத்ததும் மீட்டரில் தடை இறங்கியது.

பிற்பகல் 3.00. குழுவின் தலைவி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "பிழையை மறைக்காத நோட்டு" என்று மட்டும் சொன்னார். எழுதிய ஏழும் தாங்கியிருந்ததால் அறை தப்பியது.

மாலை ரயிலில் இதை எழுதுகிறேன். பெங்களூரில் நான் வேலை பார்க்கும் நினைவகச் சில்லு ஆலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ கோடிப் புள்ளிகள் எழுதப்படுகின்றன. என் கையால் எழுதியவை எட்டுதான். அவை பாளையங்கோட்டையில், ஒரு அப்பள டின்னில் இருக்கின்றன.