ஸ்டெல்லா அக்காவும் தகரக் கூரை போட்ட காரும்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே...

கும்மிடிப்பூண்டி பழைய ஆட்கள் சிலராவது இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறீர்கள். "நெட்டை ஸ்டெல்லா" என்றால் சட்டென்று தெரியும். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் அப்படிச் சொன்னால்தான் உங்களுக்கு ஞாபகம் வரும், என்ன செய்ய.

எழுபதுகளின் தொடக்கம். கல்கத்தா ரோட்டில் எங்கள் அப்பாவுக்குக் குஷன் கடை. லாரி சீட், பஸ் சீட் எல்லாம் தைப்போம். தையல் மெஷின் என் பொறுப்பு. பக்கத்து ஷெட் அக்காவின் அப்பாவுடையது. மெக்கானிக். அக்கா அவரை நைனா என்று கூப்பிடுவார், எங்களுக்கும் அவர் நைனாதான்.

நைனாவிடம் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட். கப்பலேறிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. கேன்வாஸ் கூரை நைந்துபோனதால், நைனா தகரத்தில் ஒரு கூரை அடித்துப் போட்டிருந்தார். பார்க்கக் கோழிக்கூண்டு மாதிரிதான் இருக்கும். சொன்னால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும்.

சோழவரம் ரேஸில் பெண்களுக்கும் ஒரு போட்டி உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது அதில் ஓட்டிவிட வேண்டும். ஓட்டத் தெரியும், தைரியமும் உண்டு. காருக்குள்தான் ஆள் கொள்ளவில்லை! முட்டி ஸ்டீரிங்கில் இடிக்கும். ஹெல்மெட் போட்டால் தலை கூரையில் இடிக்கும்.

அக்காவின் அம்மாவுக்கு வேறு கவலை. உயரத்தைப் பார்த்தே இரண்டு மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போயிருந்தார்கள். "கொஞ்சம் குனிஞ்சு நடந்தா இன்னாடி கொறைஞ்சுபூடும்?" என்று நாள் முழுக்கப் பாட்டு. அக்காவும் சின்ன வயதிலிருந்தே தோளை முன்னால் தள்ளி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடப்பார்... பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும்.

சரி, காரை மாற்றிவிடலாம் என்று இறங்கினோம். கூரையில் கை வைக்க மட்டும் நைனா ஒப்பவில்லை, வண்டி உருண்டால் தலைக்கு அதுதான் காவலாம். ஸ்டூலில் உட்காரவைத்து நான்தான் டேப்பால் அளந்தேன். நைனா சீட்டுக்குக் கீழே இருந்த ரெயிலைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே சீட்டை போல்ட் போட்டு முடுக்கினார். பெடலை முன்னால் தள்ளினார். ஸ்டீரிங்கைக் கழற்றிச் சின்னதாக ஒன்று மாட்டினார். நான் குஷனில் இருந்த ஸ்பிரிங்கை எல்லாம் பிடுங்கிவிட்டு, தேங்காய் நாரை மெலிசாக வைத்துத் தைத்தேன்.

அக்கா ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தார். தலைக்கு மேல் என் கை தாராளமாகப் போய்வந்தது. ஆளுக்கொரு டீ குடித்தோம்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தால்... பள்ளத்துக்குப் பள்ளம் ஹெல்மெட் தகரத்தில் ணங், ணங்!

"இன்னாம்மா அளந்த நீ?" நைனாவுக்குச் சரியான கடுப்பு. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், தப்பே இல்லை.

அடுத்த ரவுண்டில் நானும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி வேகம் பிடித்ததும் அக்காவின் முதுகு நேரானது. தோள் பின்னால் போனது. கழுத்து வெளியே வந்தது. அப்படி ஓர் அக்காவை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஸ்டூலில் அளந்தபோதும், நின்ற காரில் ஏறி உட்கார்ந்தபோதும் வழக்கம்போலக் கூனித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். நானும் அதைக் கவனிக்காமல் அளந்து வைத்திருக்கிறேன்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் அதே ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, முதுகு ஒட்ட உட்காரவைத்தேன்.

"நிமிந்து குந்துக்கா."

"நிமிந்துதான்டி குந்தினுகீறேன்."

சத்தியமாக அப்படித்தான் நம்பினார். நான் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்த, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். தலைக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். பழைய அளவைவிட நாலு விரல் மேலே!

வாசலில் நின்ற அக்காவின் அம்மா பதறிவிட்டார். "அத்த அழிச்சிடும்மா. யார்னா பாத்துறப் போறாங்க."

அக்கா எழுந்து திரும்பி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த அளவுக்குத்தான் வோணும் நைனா. வண்டிய அறு."

நைனா அறுத்தார். சீட்டுக்கு அடியில் காரின் தரையையே வெட்டி எடுத்துவிட்டு, பள்ளமாக ஒரு தகரத் தட்டை வைத்து வெல்டிங் அடித்தார். சீட் என்று பேர்தான்... மடித்த கோணியும் ஒரு ரெக்சின் உறையும்.

ரேஸில் அக்கா கடைசிக்கு முந்தின இடம். முதலில் வந்தது யார் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

காரை விட்டு இறங்கி நின்றார். முகமெல்லாம் புழுதி. அம்மா முந்தானையை எடுத்துத் துடைத்துவிடப் போனார். கை எட்டவில்லை. அக்கா குனிவார் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அக்கா குனியவில்லை. அப்புறம் அம்மாவே எக்கி நின்று துடைத்துவிட்டார்.

கல்யாணமும் ஆனது. மாமா அக்காவின் காது உயரம். போட்டோக்காரர் அக்காவை மட்டும் சேரில் உட்காரச் சொன்னாராம். "ரெண்டு பேரும் நின்னுக்குறோம்" என்றாராம் மாமா. நல்ல மனுஷன், அவர் முன்னாடியே போய்விட்டார்.

தகவல் வந்ததும் ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். வாசலில் ஐஸ் பெட்டி வந்திருந்தது. கொண்டுவந்த பையன் அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அம்மா கொஞ்சம் நீளமா கீறாங்க. காலை லேசா மடக்கி வெச்சா மூடிடலாம்ணா."

அக்காவின் மகன் என் முகத்தைப் பார்த்தான். அழுது அழுது வீங்கிய கண். மடக்கிடலாமா என்பது போலப் பார்த்தான்.

"வோணாம்டா. பெரிய பொட்டி எங்க கெடைக்குதோ அங்கேர்ந்து எடுத்தாரச் சொல்லு."

சென்னையிலிருந்து வருகிறது. வழியெல்லாம் டிராஃபிக்காம். அக்காவைக் கிடத்தியிருக்கும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அடக்கம் நாளை சாயங்காலம், முடிந்தவர்கள் வாருங்கள்.

பொட்டி மெதுவா வரட்டும்க்கா... நீ நல்லா நீட்டிப் படு.