ஏழு பேரும் ஒரே கேட்டுக்குள்ளே

போன வாரம் பெரியவள் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். "அப்பா, எங்க சர்ச்சுல வாலிபர் சங்கத்துக்கு ஆள் சேக்குற பொறுப்ப என் தலைல கட்டிட்டாங்க. நீங்கதான் நம்ம சபைக்குக் கமிட்டி போட்டீங்களே, எப்டிப்பா போட்டீங்க?" என்றாள். "அப்புறம் சொல்றேம்மா, பஸ்சுல இருக்கேன்" என்று வைத்துவிட்டேன். பஸ்ஸில் இருந்தது உண்மைதான். ஆனால் உட்கார்ந்து பேச முடியாத அளவுக்குக் கூட்டம் ஒன்றும் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. பேச வராதது எழுதினால் வரும் என்று எழுதுகிறேன். சின்னவனும் படிக்கட்டும். பத்தாவது வரை படித்தவன் எழுத்து, தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் போதகருக்கு ஐந்து ஊர் சபை. மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் நம் பக்கம் வருவார். மற்ற ஞாயிறு ஆராதனையை நாங்களே நடத்த வேண்டும். வியாதிக்காரர் வீட்டுக்குப் போவது, யாராவது இறந்துபோனால் குழி வெட்ட ஆள் பார்ப்பது, கிறிஸ்துமஸ் பவனிக்குத் தெரு பிரிப்பது, எல்லாமே கமிட்டி வேலை. பழைய செக்ரட்டரி வயதாகி மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார். கமிட்டியும் அவரோடு கலைந்த மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் போதகர் நம் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஏழு பேர் வேணும். ஓட்டு வச்சா மேல்தெருவும் கீழ்த்தெருவும் முட்டிக்கும். நீங்க சூப்பர்வைசர், ஆளு எடை போடத் தெரிஞ்சவரு. ஜெபம் பண்ணி ஒரு லிஸ்ட் குடுங்க. சபை முன்னாடி வாசிச்சிடலாம்."

எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நான் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். ஒரு தோலை விரித்துப் போட்டால் எங்கே கீறல், எங்கே உண்ணிக் கடி, எங்கே நரம்பு என்று கண் தானாகப் போகும். இன்னொரு விஷயம் உண்டு. இடது கால், வலது கால் இரண்டுக்கும் வெட்டுகிற துண்டுகள் ஒரே ஷேடில் இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் வெளுத்து ஒன்று கொஞ்சம் கறுத்திருந்தால் ஜோடி ரிஜெக்ட். இருபது வருஷம் இதையே பார்த்த கண் எனக்கு. சபைக்கு ஆள் பொறுக்க உட்கார்ந்தபோதும் அந்தக் கண்ணைத்தான் கொண்டுபோனேன். ஒரே ஷேடாக ஏழு பேர். கோபப்படாதவர்கள், நேரத்துக்கு வருகிறவர்கள், சொன்னால் கேட்கிறவர்கள். எழுதி முடித்துப் பார்த்தால், என்னையும் சேர்த்து ஏழு பேரும் என் கம்பெனி.

அதில் ஒரு பெயரை எழுதவில்லை. நீங்கள் 'தோஸ்து மாமா' என்று கூப்பிடுவீர்களே, அவர் பெயர்.

நானும் அவரும் ஒரே நாளில் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தவர்கள். எங்கள் டேபிளில் இருந்த பாய்மார்கள் ஒருவரையொருவர் தோஸ்து என்று கூப்பிடுவார்கள். அது எங்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருஷத்தில் மேனேஜரிடம் மூஞ்சிக்கு நேராக ஏதோ கேட்டுவிட்டு அவர் வெளியே வந்துவிட்டார். பிறகு பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு டேனரியில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டப் போனார். அந்த மருந்துத் தண்ணீரில் கை எப்போதும் நீலம் பாய்ந்தே இருக்கும். திருவிருந்துக்கு அந்தக் கையை நீட்டும்போது முதலில் சட்டையில் ஒரு முறை துடைத்துக்கொள்வார்.

அவர் வாயைத் திறந்தால் கூட்டம் நீளும். பழைய கமிட்டி ஒருமுறை பாயை எல்லாம் எடுத்துவிட்டு ஆலயம் முழுக்க நாற்காலி போடத் தீர்மானித்தது. எல்லோரும் கை தூக்கியாகிவிட்டது. இவர் எழுந்தார். பின்னாலிருந்து யாரோ, "ஆரம்பிச்சிட்டாருடா. வீட்ல கொழம்பு சூடு பண்ணச் சொல்லுங்க" என்றார்கள். சிரிப்பு.

"சிரிங்க. முட்டி வலிக்காரங்களுக்குச் சேர் போடுங்க, நான் வேணாம்னு சொல்லல. பீடி சுத்துற பொம்பளைங்க கைக்கொழந்தைய மடில போட்டுக்கினு கீழதான ஒக்கார்றாங்க? அவங்கள்ல ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. அன்று கூட்டம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. இன்றைக்கும் நம் ஆலயத்தில் பாதி பாய், பாதி நாற்காலி. அவர் சொன்னது சரிதான் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும், இவர் இருந்தால் வேலை ஓடாது என்றுதான் லிஸ்ட் எழுதும்போது நினைத்தேன்.

உங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, அண்ணன் பேரக் காணோம்?"

"அவன் இருந்தா ஒரு தீர்மானம் நிறைவேறாது. எல்லாரும் ஒரே மனசா இருந்தாதான் சபை நடக்கும்."

"ஒரே மனசா, ஒரே கம்பெனியா?"

"நீ போய் அடுப்பப் பாரு" என்றேன். பார்க்கப் போய்விட்டாள்.

அவரிடம் முன்னாலேயே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை அவர் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னையே வாசிக்கச் சொன்னார். ஏழு பெயரையும் வாசித்து ஆமென் சொல்லி உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல லிஸ்ட்டு தோஸ்து. சண்டையே வராது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சண்டை வரவில்லை என்பதும் உண்மை. கமிட்டிக் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. பாதித் தீர்மானங்களைக் கேன்டீனில் சாப்பிடும்போதே போட்டுவிடுவோம். பாடகர் குழு பயிற்சியைச் சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றினோம், எங்களுக்கு அதுதான் வசதி. பெண்கள் வருவது கம்மியானது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜாஸ்தி ஜெபம் பண்ண வேண்டும் என்று மட்டும் ஒரு தீர்மானம் போட்டோம்.

பிறகு அந்த ஷிப்மென்ட் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் மைக்கில் சொன்னார்கள், நாளைக்கு எல்லோரும் வர வேண்டும், கன்டெய்னர் திங்கட்கிழமை கிளம்புகிறது என்று. அது போதகர் வராத ஞாயிறு. பொருளாளர் யாரிடமாவது சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். பொருளாளர் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார். மீதி ஐந்து பேரும் எங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டார்கள். காலையில் செல்போனைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனோம்.

பத்து மணி இருக்கும். மிஷின் சத்தத்துக்கு நடுவே எனக்குச் சட்டென்று உறைத்தது. ஒன்பதரைக்கு ஆராதனை. நிமிர்ந்து அடுத்த டேபிளில் நின்ற பொருளாளரைப் பார்த்தேன். நான் பேன்ட் பாக்கெட்டைத் தொட்டேன். அவரும் தன் பாக்கெட்டைத் தொட்டார். ஆலயத்துக்கு இரண்டே சாவி. இரண்டும் கம்பெனி கேட்டுக்குள்ளே.

அவுட் பாஸ் கேட்கப் போனேன். "கன்டெய்னர் போவட்டும். அப்புறம் உன் சாமிகிட்ட போ" என்றார் மேனேஜர். அவரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஏழு பேரையும் ஒரே இடத்தில் வைத்தது நான்.

சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் வந்துவிட்டேன். அம்மா நடந்ததைச் சொன்னாள். ஜனங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். அப்போது மாமா வந்து பூட்டைப் பார்த்தார். யாரோ எங்களைத் திட்ட வாயெடுத்தபோது, "அதெல்லாம் அப்புறம். நெழலு எந்தப் பக்கம் இருக்குது?" என்று கேட்டாராம். பாய் எல்லாம் உள்ளே. பக்கத்து வீடுகளில் கோணிப்பை வாங்கி மேற்குச் சுவர் ஓரம் விரித்தார்கள். அவர் வசனம் வாசித்தார், அவர் மனைவி, உங்கள் அத்தை, பாட்டை எடுத்துக்கொடுத்தாள். ஜெபத்துக்கு முன்னால், "யாருக்கு இன்னா கஷ்டம், சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். கீழ்த்தெருவில் ஒருவர் வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறதாம். அவர் மகள் அழுதுகொண்டே சொன்னாள். கமிட்டியில் எங்களுக்கு யாருக்கும் தெரியாது. கீழ்த்தெருவிலிருந்து எங்களில் ஒருவரும் இல்லையே.

"கடைசில இன்னா ஜெபம் பண்ணாரு தெரியுமா?" என்றாள் அம்மா. "வேலைக்குப் போன நம்ம ஏழு பேரும் நல்லபடியா வீடு வந்து சேரணும்னு பண்ணாரு."

அதற்குமேல் வீட்டில் உட்கார முடியவில்லை. போனேன். மாமா வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிக்க தோஸ்து."

"இன்னாத்துக்கு? நீ வேலைக்குதான போன, சினிமாவுக்கா போன?"

"உன் பேர லிஸ்ட்ல சேத்துட்றேன். பாஸ்டர்கிட்ட நாளைக்கே பேசுறேன்."

"எட்டாவது ஆளாவா?" துணியைப் பிழிந்து சீட்டின் மேல் போட்டார். "என்னை உட்டுட்டன்னு எனக்குக் கோவம் இல்ல. எங்கிட்ட வந்து, தோஸ்து, உன்ன வச்சிக்கினு பேஜாரா இருக்குது, இந்த வாட்டி வேணாம்னு சொல்லியிருந்தா நானே சரின்னு இருப்பேன். நீ வாசிக்கறப்ப சபையே திரும்பி என்னைப் பாத்துது. நீ மட்டும் பேப்பரயே பாத்துக்கினு இருந்த."

பெரியவளே, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். லிஸ்ட்டில் வைக்கிறவர்களைவிட, வைக்காதவர் வீட்டுக்கு முதலில் போ. உனக்கு யார் பேச்சு எரிச்சலாக இருக்கிறதோ அவரை விட்டுவிடுவதற்கு முன் ஒரு வாரம் பொறு.

போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆட்களில் நாலு பேர் மனசாரவே விலகிக்கொண்டார்கள். இந்த முறை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பீடி சுற்றுகிற ஒரு அம்மா, டேனரிக்காரர் ஒருவர், கீழ்த்தெருவிலிருந்து ஆஸ்பத்திரி ஆயா வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி என்று வந்து சேர்ந்தார்கள். நாலாவது இடத்துக்கு மாமாவை மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்றாவது முறை அத்தையைக் காட்டினார். "இவளக் கேளு. எனக்கு மேல கேள்வி கேப்பா." அத்தை வந்தாள். வந்த முதல் கூட்டத்திலேயே, "பொதன்கெழம சாயங்காலம் எந்தப் பொம்பள பாட வருவா? யோசிச்சிதான் மாத்துனீங்களா?" என்று கேட்டாள். பயிற்சி மறுபடி சனிக்கிழமைக்குப் போனது. இப்போது கூட்டம் நீளமாகத்தான் நடக்கிறது. வேலையும் நடக்கிறது.

ஆனால் அவர் வரவில்லை. டேனரியில் வேலை குறைந்ததும் கல்கத்தா பக்கம் ஒரு டேனரிக்கு அவர் மட்டும் தனியாகப் போய்விட்டார். ஒரு ரூமில் ஆறு பேர், ஆளுக்கு ஒரு நாள் சமையல். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். ஆலயத்துக்கு வருவார், பாயில் உட்காருவார், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். போன முறை அவர் இங்கே இருந்தபோது சபைக் கூட்டம் வந்தது. காம்பவுண்டுச் சுவர் விஷயம். எல்லோரும் பேசி முடித்த பிறகு, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் இருந்த குழந்தையின் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அவர் கல்கத்தாவுக்குத் திரும்பும்போது காட்பாடி வரை நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ரயில் ஒரு மணி நேரம் லேட். பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் சமோசா தின்றோம்.

"திரும்பி வந்துடு தோஸ்து" என்றேன். "வந்து கமிட்டில ஒக்காரு. நான் வேணா எழுந்துக்கறேன்."

"இப்பதான் எல்லாரும் கேள்வி கேக்கறாங்களாமே. வீட்ல போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

"எல்லாரும் கேக்கறாங்க. நீ கேக்கல."

சமோசாக் காகிதத்தைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். "கேக்கறதுக்கு மனசு வரணும் தோஸ்து. உரிம இருக்குதுன்னு நெனச்சிக்கினு கேட்டவன் நான். அன்னைக்கி அது போய்டிச்சி. வரும்போது வரும்." என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க? போய் வேலையப் பாரு."

ரயில் வந்தது. அவர் பையை நான்தான் உள்ளே ஏற்றினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கம்பி வழியாகக் கையை நீட்டினார். கல்கத்தா தண்ணீரிலும் அந்த நீலம் போகவில்லை. ரயில் நகர்ந்த பிறகும் நான் வண்டியை எடுக்காமல் நின்றேன். அவர் ஏதாவது ஒன்றை, எதையாவது ஒன்றை, எங்களைப் பார்த்துச் சத்தமாகத் தப்பு என்று சொல்ல வேண்டும். அதை ஒரு முறை கேட்டுவிட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் அதற்காகத்தான், அவர் ஊரில் இல்லாதபோதும், 'வேற யாராவது?' என்ற அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, வேண்டியதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் காத்திருக்கிறேன்.