இல்லாத பிரேக்கை மிதித்தவர்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஊரில் இன்னொரு பேரும் உண்டு. ரெண்டாம் பிரேக். பழகுகிற வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் ஒன்று இருக்கும். அந்த இரண்டாவதை மிதித்து மிதித்தே மனுஷனுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. மிச்சப் பாதி கத்தியதில் போனது. “கண்ணாடியப் பாருன்னா முகத்தப் பாக்குறியே! பின்னால வர்ற வண்டியப் பாரு!” என்று அவர் போடுகிற சத்தத்தில், முன்னால் போகிறவர்கள்கூட ஒருதரம் தங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வார்கள்.

தொழில் அப்படி. ஆனால் வேலை முடிந்தது என்று காலுக்கு யார் சொல்வது? பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தால் அங்கேயும் மிதிப்பார். மச்சினன் காரில் அவர் உட்காரும் பக்கத்துக் காலடி மேட் மிதிபட்டே ஓட்டையாகிவிட்டது. “மாமா, புது மேட் போட்டிருக்கேன். தயவுசெஞ்சு செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க” என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அவருடைய வீட்டம்மா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். மலைபோல் வருகிற போர்வைகளையும் அதைவிட உயரமாக வருகிற டாக்டர்களின் கோபத்தையும் ஒரே முகத்தோடு மடித்து அடுக்குகிறவர். ஆரம்பத்தில் புருஷனிடம்தான் கார் பழகப் போனார். இரண்டாம் நாளே வண்டியை ஓரங்கட்டி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம் சத்தம் காட்டாமல் எதிர்த்தரப்பு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, ஒருநாள் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். மாஸ்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மகள் மலைமேல் ஒரு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளைப் போய்ப் பார்க்க மின்சாரக் கார் ஒன்று வாங்குவதென்று முடிவானது. கடைக்குக் கிளம்பும்போதே வீட்டம்மா சொல்லிவிட்டார்.

“கார் என் பேர்ல. ஓட்டப்போறதும் நான். இன்னைக்கு ஓட்டிப் பாக்கும்போது நீங்க கத்துனீங்கன்னா, மகளப் பாக்க நான் கார்ல போவேன், நீங்க பஸ்ல வாங்க.”

“நான் எங்க கத்துறேன்?” என்று கத்தினார் மாஸ்டர்.

மகளுக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து பையோடு இறங்குவதா? ஊருக்கெல்லாம் கார் சொல்லிக்கொடுத்த மனுஷன்!

கடையில் இரண்டு கார்கள் நின்றன. ஒரே வடிவம், ஒரே வெள்ளை. விற்பனைப் பெண் வித்தியாசத்தைச் சொன்னாள். போன வருஷத்து வண்டி எச்சரிக்கை மட்டும் செய்யும். கோட்டைத் தாண்டினாலோ எதையாவது நெருங்கினாலோ பீப் பீப் என்று கத்தும், அவ்வளவுதான். இந்த வருஷத்து வண்டி தானே பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங்கையும் தானே திருத்தும்.

“பழச வாங்கிட்டு அப்புறமா மாத்திக்கலாம்னா முடியாது சார். கேமரா, சென்சார் எல்லாமே வேற. இப்பவே யோசிச்சு எடுத்துக்குங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பழசுதான். வண்டிய நிறுத்துறது மனுஷன் காலு செய்ய வேண்டிய வேலை” என்றார் மாஸ்டர்.

“எனக்குப் புதுசு. பழசு கத்துதாமே. அந்த வேலைக்கு வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கு” என்றார் வீட்டம்மா.

முதலில் புது வண்டி. வீட்டம்மா ஓட்ட, விற்பனைப் பெண் பின்னால் ஏறிக்கொண்டாள். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை எடுத்து விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். வாயில் தண்ணீர் இருந்தால் கத்த முடியாதல்லவா? அப்படி ஒரு ஏற்பாடு.

கடைத்தெருவில் திரும்பினார்கள். ஸ்டியரிங் தானாக லேசாக நெளிந்து கோட்டுக்குள் நின்றதில் வீட்டம்மாவுக்கு ஒரே குஷி. அந்த நேரம் பார்த்து, இரட்டை மெத்தை ஒன்றைத் தலையில் சுமந்தபடி ஒரு ஆள் தெருவைக் கடந்தார். மெத்தை மடங்கி இருபக்கமும் தொங்கியதில் அவருக்குத் தன் கால் மட்டும்தான் தெரிந்திருக்கும். மாஸ்டர் தரையை ஓங்கி மிதித்தார். கார் சடக்கென்று நின்றது.

“பாத்தியா!” என்றார் மாஸ்டர். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. “நான் மட்டும் பிடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?”

பின்னாலிருந்து விற்பனைப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “சார்… உங்க பக்கம் பிரேக்கே இல்லையே.”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். மேட்தான் இருந்தது. விட்டால் வண்டி நகர்ந்துவிடுமோ என்று அந்த மேட்டை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது அவர் கால். வீட்டம்மா சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்மேலேயே கவிழ்ந்துவிட்டார். ஹாரன் வேறு அடித்தது. மெத்தைக்காரர் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்து ஓட்டம் பிடித்தார்.

அடுத்து பழைய வண்டி, அதே தெரு. மாஸ்டர் வாயில் இன்னொரு வாய் தண்ணீர். சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் மூக்கை நீட்டியது. மாஸ்டர் கால் பதிவதற்குள் கார் வேகம் குறைந்து, தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துகிற மாதிரி நின்றேவிட்டது. அதற்கப்புறம்தான் பீப் பீப் என்றது. நிறுத்தியது வீட்டம்மா கால். மாஸ்டர் அந்தக் காலையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்படி நிறுத்தின ஒரு ஆள் அவர் வண்டியில் ஏறியதில்லை. சொல்லலாம் என்று பார்த்தால் வாய் நிறையத் தண்ணீர்.

கடைக்குத் திரும்பித் தண்ணீரை விழுங்கியதும் முதல் வார்த்தையாக, “புதுசையே எடு” என்றார்.

“என்ன திடீர்னு?”

“எனக்குப் பிடிச்சுப்போச்சு. நான் மிதிச்சா நிக்குது.”

“எனக்குப் பழசு போதும்” என்றார் வீட்டம்மா.

“அதான் கத்துமே!”

“கத்தட்டும். புதுசுல என்ன ஆச்சு தெரியுமா? கார் பாத்துக்கும்னு நெனச்சேன். அங்கேயே என் காலு தூங்கிப்போச்சு. மெத்தைக்காரன நான் கவனிக்கவே இல்லீங்க. பழசுல எல்லாத்தையும் நானே பாத்தேன்.”

மாஸ்டர் பாட்டிலைத் திறந்து, தானாகவே இன்னொரு வாய் தண்ணீரை அடக்கிக்கொண்டார்.

பழைய வண்டியே வீட்டுக்கு வந்தது. மகளைப் பார்க்கக் கிளம்பிய காலையில் மாஸ்டர் கதவுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

“நான் கார்லயா, பஸ்லயா?”

“கடைத்தெருவுல ‘பாத்தியா’ன்னு ஒரு கத்து கத்துனீங்களே.”

“அது சந்தோஷத்துல வந்த சத்தம்.”

“சரி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏறுங்க. அங்க போய்ச் சொல்றேன்.”

மாஸ்டர் இரண்டு கைகளாலும் முழங்கால்களை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டு நெருங்கும்போது ஒரு லாரி கைகாட்டாமல் உள்ளே வந்தது. வீட்டம்மா அதற்கு முன்பே இடம் விட்டுவிட்டார். வண்டிதான் புரியாமல் பீப் பீப் என்று ஆர்ப்பாட்டம் செய்தது.

“ஏய், சும்மா இரு!” என்று கத்தினார் மாஸ்டர். “அவளுக்குத் தெரியாததையா நீ சொல்லப்போற?”

கத்திவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதவுப் பிடியில் கையை வைத்தார்.

பஸ் ஸ்டாண்டு வந்தது. வரிசையாக நின்ற பஸ்களில் மலைக்குப் போவது எது என்று மாஸ்டர் தேடினார். வீட்டம்மா இண்டிகேட்டரைத் தொடவே இல்லை.

“பையப் பின்னால போடுங்க” என்றார். “மலை ரோடு, வளைவு ஜாஸ்தி. வண்டி இன்னும் நிறையக் கத்தும். நீங்கதான் பதில் சொல்லணும்.”