பாட்டை நிறுத்திய ஜெர்வே

ஜெர்வே என்ற பேரை ஓடெட் முதன்முதல் கேட்டது லா டீக் தீவின் படகுத்துறையில். பெரிய தீவான மாஹேயிலிருந்து புதுப்பெண்ணாய் வந்து இறங்குகிறாள். படகைக் கட்டக்கூட இல்லை, கரையிலிருந்து ஒரு பாட்டு, பன்றி கத்துகிற சுருதியில். தலையைக் குனிந்துகொண்டார் புருஷன் மார்செலின்.

"அது ஜெர்வே. என் கடைசித் தம்பி. இப்பவே பழகிக்கோ."

பழகிக்கொண்டாள். பேரன் பேத்தி எடுத்தும் ஆயிற்று. ஜெர்வேக்கு சைக்கிள் பழுது பார்க்கிற தொழில். வீட்டு முன்னால் புன்னை மரத்தடிதான் பட்டறை. கோணிய ரிம்மை மடியில் கிடத்தி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தடவிப் பார்த்து, சுத்தியலால் ஒரு போடு போடுவார். ஒவ்வொரு போடுக்கும் ஒரு வரிப் பாட்டு. வரி மறந்துபோனால் சைக்கிள்காரரின் மாமியார் பேரைச் செருகி நிரப்பிவிடுவார். டியூபைத் தண்ணீரில் முக்கமாட்டார். கன்னத்தில் வைத்தே எங்கே காற்றுப் போகிறது என்று சொல்வார். சட்டைப் பையில் பொரித்த கறிப்பலாச் சீவல். கிரீஸ் கையோடு எடுத்துத் தின்பார். "இரும்புச்சத்து அண்ணி!"

போன வருஷம் அந்தப் புன்னையில், தாழத் தொங்கும் கிளை நுனியில், வேவ் குருவி கூடு கட்டியது. தீவுப் பேச்சில் வேவ் என்றால் கைம்பெண். முழுக்கக் கறுப்பு, ரிப்பன் மாதிரி நீள வால். ஆனால் கறுப்பும் வாலும் ஆண் குருவிக்குத்தான். "பொண்டாட்டி உயிரோட இருக்கும்போதே துக்கம் கொண்டாடுற ஒரே புருஷன்" என்பார் ஜெர்வே. இந்தத் தீவையும், பிற்பாடு கொண்டுபோய் விட்ட ஒன்றிரண்டு குட்டித் தீவுகளையும் விட்டால் அதற்கு உலகத்தில் போக்கிடம் கிடையாது.

பறவைக் காப்பகத்தில் வேலை செய்யும் மெலினா, ஓடெட்டின் நாத்தனார் மகள், வந்து பார்த்தாள். "ஒரே ஒரு முட்டைதான் இடும் மாமா. பாத்துக்கோங்க."

அவ்வளவுதான், ஜெர்வே வாயை மூடிக்கொண்டார். சுத்தியல், ரிம் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் போயின. வந்தவர்களிடம் கைச்சாடைதான். தெருவே கலங்கிப்போயிற்று. எதிர்வீட்டு லியோனி மீன்ரசம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன ஜெர்வே, தொண்டையில கட்டியா?"

அவர் உதட்டில் விரலை வைத்து மரத்தைக் காட்டினார்.

"அட பாவி! உன் பாட்டை இத்தனை வருஷம் நாங்க பொறுத்தோம். ஒரு குருவி பொறுக்காதா?"

சில நாள் கழித்து, துணி உலர்த்தப்போன ஓடெட் கொழுந்தன் வீட்டு முற்றத்தைப் பார்த்தாள். ஆளரவமே இல்லை. கூட்டுக்கு ஒரு கை தூரத்தில் இரண்டு மைனாக்கள். முட்டை திருடுவதில் அதுகளுக்கு ஈடு கிடையாது. கறுப்பன் வாலை வீசி வீசிக் கத்துகிறது, மைனாக்கள் அசையவில்லை.

"ஜெர்வே! மைனா! கத்துடா!"

அவர் நுனிக்காலில் ஓடிவந்தார். "அண்ணி, மெதுவா..."

"மெதுவாவது மண்ணாவது! அது கூடு கட்டினப்போ நீ ஊமையாவா இருந்த? உன் சத்தத்துக்கு மைனா கிட்ட வராதுன்னுதானே இந்தக் கிளையைப் பிடிச்சிருக்கு!"

 ஜெர்வே பக்கத்தில் கிடந்த மட்கார்டை எடுத்து அடித்தாரே ஓர் அடி! தொண்டையும் திறந்தது. மைனாக்கள் கடற்கரைப் பக்கம் போயே போய்விட்டன. கூட்டில் பெண்குருவி கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

அந்த ஒற்றைக் குஞ்சு நல்லபடியாகப் பறந்துபோயிற்று. இந்த வருஷமும் அதே கிளையில் கூடு. அதற்கு நேர் கீழே, எச்சம் விழாமலிருக்க ஓலைத் தொப்பி மாட்டிக்கொண்டு, ஜெர்வே உட்கார்ந்து ரிம் தட்டிக்கொண்டிருக்கிறார்.