வெயிலில் காய்ந்த இருட்டு

திருகோணமலையில் பேர் இல்லாமலே புகழ் பெற்ற ஒரே பொருள், ஊர் இருட்டுக் கசெற் என்று சொன்ன ஒலிநாடா. மற்றவை பேரோடு புகழ் பெற்றவை. சில பேரால் மட்டும் புகழ் பெற்றவை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது பஸ் நிலையத்துக்கு அருகே பாட்டுப் பதிந்து விற்கும் ஜவாஹிரின் ரெக்கோடிங் பாரில் கிடைத்தது. உறையில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. உள்ளே பாட்டும் இல்லை. ஓர்கன் ஒன்று அடித்தொண்டையில் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் ஏதோ ஓர் இயந்திரம் மூச்சு விடும். இரண்டாம் பக்கத்தின் நடுவில் யாரோ ஒருவர் நீளமாக முனகுவார். அந்த முனகலுக்காகவே கசெற்றை வாங்கியவர்கள் உண்டு.

யார் செய்தது என்பதில் ஊர் ஒரு முடிவுக்கு வரவில்லை. இந்திய ராணுவம் போகிற அவசரத்தில் விட்டுச் சென்றது என்றார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பலில் புத்தி பேதலித்த மாலுமி ஒருவன் செய்தது என்றார்கள். தோப்பூர் விவசாயி ஒருவர், யார் செய்தால் என்ன, வயற்காவலில் இதைப் போட்டால் பன்றி வருவதில்லை என்று சாட்சி சொன்னார். கிண்ணியாவில் தையற்காரி ஸல்ஹா, இது ஓடாவிட்டால் தனக்குத் தையல் நேராக வராது என்றார். இன்னொரு வீடு, ஓய்வு பெற்ற தபால் அதிபர் சிவகுருநாதனுடையது. கடலுக்குப் போன மகன் திரும்பி வராத வீடு அது. மாலையில் அந்த முனகல் வரும் இடத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவார்.

தவராசாவை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்கத் தக்க எதுவும் அவரிடம் இல்லை. கிழமை நாட்களில் ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்ப்பார். சனி ஞாயிறில் மினுங்கும் சட்டை போட்டுக்கொண்டு கலியாண வீடுகளில் ஓர்கன் வாசிப்பார். மாப்பிள்ளை படியேறும்போது கேட்கும் அந்தத் துள்ளல் இவருடைய கைவண்ணம்.

ஆனால் கசெற்றைச் செய்தவர் அவர்தான். அந்த நாட்களில் ஊரில் கரண்ட் ஒழுங்காக நின்ற இடம் ஐஸ் ஆலை. மனிதர் எப்படி இருந்தாலும் மீன் கெட்டுப்போகக் கூடாது என்பதில் எல்லாத் தரப்பாரும் ஒற்றுமையாக இருந்தார்கள். வேலை முடிந்த பிறகு ஆலையின் பின்னறையில் ஓர்கனை வைத்து, பம்பின் அருகே மைக்கைத் தொங்கவிட்டு, ஊரடங்குக்கு முன் வீட்டுக்கு ஓடும் ஒருவனுடைய நெஞ்சடிப்பை ஓர்கனில் வாசித்துப் பதிவுசெய்தார். வேகமாக, இருட்டாக. பேர் போடவில்லை; விற்கக் கொடுத்த ஜவாஹிருக்கு மட்டும் தெரியும். சொல் உள்ள பாட்டென்றால் எந்தப் பக்கத்துப் பாட்டென்று சோதனைச் சாவடியில் கேட்பார்கள், ஏதாவது பதில் சொல்லலாம். சொல்லே இல்லாத ஒன்றுக்கு என்ன பதில் சொல்வது?

அதனால் பல வருடங்கள் தன் புகழை அடுத்தவன் புகழ்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கலியாணப் பந்தல்களில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அவருக்கு ஆவல் தாங்காது.

“அதில அப்பிடி என்ன இருக்கு?” என்று கேட்பார்.

“உனக்கு விளங்காது தவராசா. நீ துள்ளல்காரன். அது எவ்வளவு ஆறுதலாப் போகுது தெரியுமே? வரட்டோ வேண்டாமோ எண்டு கேட்டுக் கேட்டு வாற மாதிரி. பிறகு அந்த முனகல்!”

ஆறுதலாக, மெதுவாகவா? ஓட்டமல்லவா அது? முனகலா? அப்படி ஒன்றும் தான் வைக்கவில்லையே? தவராசா தலையைச் சொறிவார். ஆனால் பிறர் அதைப் போடும்போது பக்கத்தில் நிற்க அவருக்குத் துணிவு இல்லை. ‘ஒரு அலுவல்’ என்று எழும்பி நடந்துவிடுவார்.

போர்நிறுத்தம் வந்தது. பாதை திறந்தது, கரண்ட் வந்தது, ஜவாஹிருக்கும் யோசனை வந்தது.

“தவராசா, மூலக் கசெற் உங்கட கையிலதானே இரிக்கி? திரும்பவும் போடுவம். இந்த முறை பேரோட, படத்தோட.”

“பேர் போடலாமோ, ஜவாஹிர் நானா?”

“இப்ப போடாட்டி எப்ப போடுற? அடுத்த சண்டைக்குள்ளயா?”

தவராசா அந்த மினுங்கும் சட்டையிலேயே படம் பிடித்துக் கொடுத்தார். ஜவாஹிர் இரைச்சலை எல்லாம் துடைத்து, தெளிவாகப் பிரதி எடுத்தார். ஊர் வாங்கியது. வீட்டுக்கு வீடு கரண்டில் போட்டுக் கேட்டது. பிறகு திருப்பிக் கொண்டுவந்தது.

“நானா, இது அதில்லை. போலி.”

“மாப்பிள்ளை அழைப்பைக் கொஞ்சம் கறுப்படிச்சு வித்திருக்கிறான்.”

“முனகல் எங்க? முனகல் வாற இடத்தில எவனோ தும்முறான்!”

தபால் அதிபர் வெயிலில் நடந்தே கடைக்கு வந்தார். கசெற்றை மேசையில் வைத்துவிட்டு, அங்கே நின்ற தவராசாவைப் பார்த்து, “பேரில்லாத ஒருத்தன்ர பொருளுக்கு உம்மட படத்தை ஒட்டுறது சரியில்லைத் தம்பி,” என்று சொல்லிப் போய்விட்டார்.

ஊரில் தன் சொந்தப் பொருளைத் தானே திருடியவர் என்று பட்டம் பெற்றவர் தவராசா ஒருவர்தான்.

வீட்டில் மனைவி அன்னலட்சுமி குசினிக்குள் சமைத்தபடியே தீர்ப்புச் சொன்னாள். “பேர் போடாமல் இருக்கேக்க நல்ல மனுசன். போட்டீங்கள், கள்ளன். கோயில் திருவிழாவுக்கு உங்களைக் கூப்பிட மாட்டினமாம். நீங்கள்தான் செய்தது எண்டு ஒருத்தருக்காவது காட்டுங்கோ பாப்பம்.”

எதைக் காட்டுவது? கோபத்தைவிட அவருக்குப் புதினம் அறியும் ஆவல்தான் பெரிதாக இருந்தது. எல்லோரும் கேட்டதாகச் சொல்லும் அந்த முனகல் எங்கிருந்து வந்தது? அடுத்த நாள் ஸல்ஹாவின் பழைய கசெற்றைக் கேட்கக் கிண்ணியாவுக்குப் போக, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் மிதவையில் ஏறினார்.

ஸல்ஹா வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டார். “வாங்க, கசெற் அண்ணன்! தும்மலோட வந்தீங்களா, தும்மாம வந்தீங்களா?”

“உங்கட பழைய கசெற்றை ஒருக்காப் போடுங்கோ தங்கச்சி. கேட்டிட்டுப் போறன்.”

“இரிங்க. பற்றரி காஞ்சிட்டா எண்டு பாக்கணும்.”

முற்றத்தில் சுளகு ஒன்றில் செத்தல் மிளகாய் காய்ந்தது. மிளகாயோடு சேர்ந்து, கணவரின் டோர்ச்சிலிருந்து கழித்த பற்றரிகளும் வெயில் காய்ந்தன. ஸல்ஹா அவற்றை எடுத்து, தூசு தட்டி, கசெற் ரேடியோவின் முதுகில் அடுக்கினார்.

“கரண்டுதான் வந்திட்டுதே?” என்றார் தவராசா.

“கரண்டு இஸ்திரிக்கைக்கு. இதுக்கு இது போதும். அந்த நாள்ல இருந்து இப்பிடித்தான். ஊரே இப்பிடித்தானே கேட்டது.”

வெயில் காய்ந்த பற்றரிக்கு உயிர் வரும், பலம் வராது. ரேடியோ நாடாவை இழுக்க மாட்டாமல் இழுத்தது. ஓர்கன் தரைக்குக் கீழே இறங்கியது. ஐஸ் ஆலையின் பம்ப் பெரிய விலங்கு ஒன்று நித்திரையில் மூச்சு விடுவதுபோல் விட்டது. ஒவ்வொரு சுரமும் வாசலில் நின்று யோசித்துவிட்டு உள்ளே வந்தது. தவராசாவுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒன்றும் தன்னுடையதாகத் தெரியவில்லை. ஓடச் சொல்லி அனுப்பிய ஆள், வழியெல்லாம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறான்.

“இதை நான் செய்யேல்லை,” என்றார் மெதுவாக.

“அதத்தானே ஊரே சொல்லுது!”

இரண்டாம் பக்கம் திரும்பியது. விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்த தவராசா திடீரென்று கையை உயர்த்தினார். “இந்தா, பம்ப் நிக்கும். பிறகு கதவு அடிக்கும். பிறகு நான் தும்முவன். ஐஸ் அறைக் குளிர், தங்கச்சி, அடக்க ஏலாமல் போச்சு. அழிச்சுத் திரும்ப எடுக்கக் கசெற்றும் இல்லை.”

பம்ப் நின்றது. எங்கோ ஆழத்தில் ஒரு கதவு இழுபட்டுச் சாத்திக்கொண்டது. பிறகு, எல்லோரும் காத்திருந்து கேட்கும் அந்த நீளமான முனகல்.

ஸல்ஹா தையல் இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். தவராசாவின் மூக்கைப் பார்த்தார். “இது... நீங்களா?”

“ஓம்.”

“கடலுக்குள்ள மவுத்தான ஆரோட ரூஹோ, ஆவியோ எண்டு, இந்த இடம் வரக்குள்ள எல்லாம் நான் துஆ ஓதியிரிக்கன்! உங்கட தடிமல் தும்மலுக்கா?” சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. “அண்ணன், போஸ்ட் மாஸ்டர் ஐயாக்கிட்ட இதச் சொல்லிடாதீங்க.”

அதற்குள் பற்றரி தீர்ந்து ரேடியோ ஓய்ந்தது. ஸல்ஹா அவற்றைக் கழற்றி மீண்டும் சுளகில் வைத்தார்.

“திரும்பக் கேக்கணுமா? காயட்டும்.”

“காயட்டும். நான் இருக்கிறன்,” என்றார் தவராசா. வந்த மிதவை அவரை விட்டுவிட்டுப் போனது.

அடுத்த கிழமை ஜவாஹிர், ஸல்ஹாவின் ரேடியோவை அப்படியே கடைக்குக் கொண்டுவந்து, காய்ந்த பற்றரியில் ஓடவிட்டு, வயர் கொடுத்துப் புதிய பிரதி எடுத்தார். இரைச்சலில் ஒரு துளியும் துடைக்கவில்லை. உறையில் அதே படம், அதே சட்டை, அதே பேர். இம்முறை ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. பன்றிகளின் கருத்துத் தோப்பூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

முதற்பிரதியைத் தவராசா தபால் அதிபரின் வீட்டுக்குத் தானே கொண்டுபோனார். ஐயா அதைப் போட்டு, முனகல் வரும் வரை கண்ணை மூடிக் கேட்டார். வந்தது. கண்ணைத் திறந்தார்.

“இதுதான் அது. நீர் எடுத்தது பிழைதான் தம்பி. ஆனாலும் உரிய பொருளைக் கடைசியில சரியாக் கொண்டுவந்து தந்திட்டீர். செய்தவன் ஆரெண்டு தெரிஞ்சால் சொல்லும். ஒரு கடிதம் எழுதோணும்.”

ஒரு வாக்கியம் போதும், கள்ளன் என்ற பட்டம் போய்விடும். தவராசா வாயைத் திறந்தார். ஐயா முனகல் வந்த இடத்துக்கு நாடாவைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சால் சொல்லுறன் ஐயா,” என்றார் தவராசா.

அவர் உட்கார்ந்திருந்த கதிரையில் தூசு. மூக்கு அரிக்கத் தொடங்கியது. அவர் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, கண் கலங்க, ஓடாமல், ஆறுதலாக நடந்து படலைக்கு வெளியே வந்தார். தெருமுனை திரும்பிய பிறகுதான் தும்மினார்.